ஐந்தாவது செமஸ்டரில் தொடங்கிய ஸ்பானிஷ்

அமெரிக்காவின் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த நான், மூன்றாம் ஆண்டின் நடுவில் ஸ்பானிஷையும் ஒரு மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, சேர்த்துக்கொண்டேன். நான்கு ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய படிப்பு ஐந்து ஆண்டுகளாக நீண்டு, இரண்டு பட்டங்களோடு முடிந்தது. அதே யோசனையில் இருக்கும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, இரண்டையும் சேர்த்துத் தாங்க முடியுமா என்பதைத்தான். தாங்கலாம். தாமதமாகத் தொடங்குபவரை மடக்கிப் போடுவது பாடங்களின் வரிசை. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்ற அந்தச் சங்கிலியைப் புரிந்துகொள்வதற்கு நான் ஒரு செமஸ்டரைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் ஒரு வடிகால் பணியில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். அமெரிக்கக் கட்டுமானத் தொழிலாளர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ஹிஸ்பானியர் என்பதை ஒரு கணக்காக மட்டுமே அதுவரை அறிந்திருந்தேன். அங்கே பள்ளத்துக்குள் இறங்கி வேலை செய்த ஆறு பேருமே ஸ்பானிஷ் மட்டும் பேசுபவர்கள். ஐந்து அடியோ அதற்கு மேலோ ஆழமுள்ள பள்ளத்தில், முழுவதும் உறுதியான பாறையாக இருந்தாலொழிய, மண் சரியாமல் காக்கும் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும் என்பது ஓஷா எனப்படும் தொழிற்பாதுகாப்பு அமைப்பின் விதி. பாதுகாப்புப் பயிற்சி தொழிலாளிக்குப் புரியும் மொழியில் நடக்க வேண்டும் என்பதும் அதே அமைப்பின் நிலைப்பாடுதான். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், இரும்புத் தடுப்பு இன்னும் இறக்கப்படாத பகுதிக்குள் ஒருவர் இறங்கப் போனார். பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆண்டுகள் ஸ்பானிஷ் படித்திருந்த எனக்கு, நூலகம் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரிந்திருந்தது. இறங்காதீர்கள் என்று சொல்லத் தெரியவில்லை. கையை ஆட்டினேன், அவர் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தபடி பதிலுக்குக் கையை ஆட்டினார். மேஸ்திரி ஓடிவந்து நிறுத்தினார். எதிர்மறைக் கட்டளைக்கு ஸ்பானிஷில் சப்ஜன்க்டிவ் என்ற தனி வினை வடிவம் வேண்டும் என்பதும், நான் படித்த பாடநூல் அதைக் கடைசி அத்தியாயங்களில் வைத்திருந்தது என்பதும், அந்த அத்தியாயங்களுக்கு நான் போகவே இல்லை என்பதும் பிறகு புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது.

ஐந்தாவது செமஸ்டர் தொடக்கத்தில், எந்த வகுப்பில் சேரலாம் என்று கணிக்கும் பிளேஸ்மென்ட் தேர்வை எழுதினேன். அது என்னை நான்காம் நிலையில் சேரச் சொன்னது. நான் பயந்துகொண்டு இரண்டாம் நிலையில் சேர்ந்தேன். அடித்தளம் உறுதியாகட்டும் என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம்; பொறியியல் பாடங்களுக்கு நடுவே சுலபமாக ஒரு முழு மதிப்பெண் கிடைக்கட்டும் என்பது உள்ளே இருந்த எண்ணம். பிற்பாடு கணக்குப் போட்டபோதுதான் அதன் விலை புரிந்தது. பல பல்கலைக்கழகங்களில், உயர்நிலை மொழிப் பாடம் ஒன்றை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்தால், அதற்குக் கீழுள்ள நிலைகளின் கிரெடிட்டையும் பின்தேதியிட்டுத் தருகிறார்கள். கீழ்நிலையில் உட்கார்ந்துவிட்டவருக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடும். அந்தக் குளிர்கால விடுமுறையில், வகுப்பில் சேராமலே கிரெடிட் பெற உதவும் கிளெப் தேர்வை எழுதித்தான் இழந்ததில் பாதியை மீட்டேன். 20 முதல் 80 வரையிலான அதன் அளவுகோலில் 50 எடுத்தால் கிளெப்பின் முதல் நிலைக்கும் (முதலாண்டு மொழிப் பாடங்கள்), 63 எடுத்தால் இரண்டாம் நிலைக்கும் (இரண்டாம் ஆண்டு வரையிலான பாடங்கள்) கிரெடிட் தரலாம் என்பது பரிந்துரை. ஏற்பதும் ஏற்காததும் பல்கலைக்கழகத்தின் விருப்பம் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் மொழித் துறையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்கு 63க்கு மேல் வந்தது; ஆறாவது செமஸ்டரில் நேராக மேல்நிலை இலக்கண வகுப்புக்குப் போக முடிந்தது.

அங்கிருந்து சங்கிலி தொடங்கியது. இலக்கணமும் கட்டுரை எழுதுதலும் முடித்தால்தான் இலக்கிய வாசிப்பு அறிமுகம். அதை முடித்தால்தான் இலக்கிய வரலாறு. அதற்குப் பிறகே கருத்தரங்கு வகுப்புகள். எல்லாம் முடிந்தபின் இறுதி ஆய்வேடு. மேஜருக்கு மொத்தம் பதினொரு பாடங்கள்தான், ஆனால் அவற்றை எவ்வளவு அடுக்கினாலும் ஐந்து செமஸ்டருக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை. கட்டுமானத் திட்டமிடலில் கிரிட்டிக்கல் பாத் என்று ஒன்றைக் கற்பிப்பார்கள்: எந்த வேலைத் தொடர் தாமதித்தால் முழுத் திட்டமும் தாமதிக்குமோ அதைத் தனியாகப் பிரித்துக் குறிப்பது. அதே வகுப்பின் வீட்டுப்பாடத் தாளின் பின்பக்கத்தில் என் பாடங்களை வரைந்து பார்த்தேன். பொறியியல் பக்கத்தில் ஆங்காங்கே இடைவெளி இருந்தது. ஸ்பானிஷ் பக்கத்தில் ஒரு நாள்கூட இல்லை. போதாக்குறைக்கு, மேல்நிலை ஸ்பானிஷ் வகுப்புகள் பல ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படும். கான்கிரீட் வடிவமைப்பும் இலக்கிய அறிமுகமும் ஒரே செவ்வாய், ஒரே பிற்பகல் என்று வந்தால் எது விட்டுக்கொடுக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். சேர நினைப்பவர்கள், வருகிற செமஸ்டரின் அட்டவணையைப் பார்த்தால் போதாது. கடந்த இரண்டு ஆண்டு அட்டவணைகளைத் தேடி எடுத்து, எந்தப் பாடம் இலையுதிர் காலத்தில் மட்டும் வருகிறது, எது வசந்தத்தில் மட்டும் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மேஜர் என்பதும் இரண்டு பட்டம் என்பதும் வேறு வேறு என்பதை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். பொறியியல் ஒரு கல்லூரியிலும் ஸ்பானிஷ் இன்னொரு கல்லூரியிலும் இருக்கும் இடங்களில், ஒரே பட்டத்துக்குள் இரண்டையும் அடக்க முடியாமல் இரண்டு தனிப் பட்டங்கள் பெற வேண்டியிருக்கலாம். அதற்கு முதல் பட்டத்துக்கு மேல் 30 கிரெடிட் தேவை என்பது பல இடங்களில் உள்ள வழக்கம், கூடவே கலைக் கல்லூரியின் பொதுப்பாடங்களும் வந்து சேரும். என் பொறியியல் அட்வைசருக்குக் கலைக் கல்லூரியின் விதி தெரியாது, ஸ்பானிஷ் அட்வைசருக்குப் பொறியியல் படிப்புகளை அங்கீகரிக்கும் ஏபெட் அமைப்பின் விதி தெரியாது. ஏபெட் அங்கீகாரத்துக்குக் கணிதமும் அடிப்படை அறிவியலும் சேர்ந்து குறைந்தது 30 கிரெடிட், பொறியியல் பாடங்கள் 45 கிரெடிட் இருக்க வேண்டும். அந்த 75இல் யாரும் கை வைக்க முடியாது. மீதியில்தான் விளையாட இடம் உண்டு. முதலாம் ஆண்டிலேயே என் பொதுப்பாட இடங்களை உளவியல், இசை ரசனை என்று நிரப்பிவிட்டிருந்தேன். அந்த இடங்களில் ஸ்பானிஷ் இலக்கியப் பாடங்களை வைத்திருந்தால் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டிருக்கும். இசை ரசனை வகுப்பைக் குறை சொல்லவில்லை. அதில் நான் தூங்கிய நேரம் அதிகம், அவ்வளவுதான். இரு அட்வைசர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரே தாளில் இருவரிடமும் கையெழுத்து வாங்கியது நான் செய்த மிக உருப்படியான காரியம்.

பணத்தைப் பற்றி அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கூடுதலா ஒரு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்னு போட்டுக் காட்டு." போட்டுக் காட்டினேன். என் உதவித்தொகை எட்டு செமஸ்டருக்கு மட்டுமே. கூட்டாட்சி அரசின் கல்வி உதவி, பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் 150 விழுக்காட்டைத் தாண்டினால் நின்றுவிடும். டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அளவுக்கு மிஞ்சிய கிரெடிட்டுக்குக் கூடுதல் கட்டணமும் உண்டு. இந்த மூன்றையும் சேர்க்கும் நாளுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் இரண்டாவது பட்டத்துக்கான விதிவிலக்கு இருந்தால்கூட அது தானாக வராது. மனு எழுதித்தான் வரும்.

ஏழாவது செமஸ்டரில் நான் பத்தொன்பது கிரெடிட் எடுத்தது முட்டாள்தனம். இலக்கிய அறிமுக வகுப்பின் முதல் வாரத்தில் இருபது பக்கம் வாசிக்க ஐந்து மணி நேரம் ஆனது. தெரியாத சொல் ஒவ்வொன்றையும் அகராதியில் பார்த்து, பக்கத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் எழுதி, முடித்தபோது கதையில் யார் இறந்தார் என்பதே எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பதற்கு, கான்கிரீட் வடிவமைப்பில் நான் வாங்கிய 'சி' சாட்சி. பிறகு பேராசிரியர் ஒருவர் சொல்லிக்கொடுத்த முறை, முதல் வாசிப்பில் வினைச்சொற்களை மட்டும் பார்ப்பது. பெயர்ச்சொல் தெரியாவிட்டால் ஏதோ ஒரு பொருள் என்று கடந்துவிடலாம், வினை தெரியாவிட்டால் வாக்கியமே நகராது. நவம்பரில் அதே இருபது பக்கம் ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது.

அந்தச் செமஸ்டரில்தான் இன்னொன்றும் நடந்தது. வகுப்பில் எல்லோரும் தடுக்கி விழுந்த இடங்களில் நான் விழவில்லை, காரணம் எனக்கே சில வாரம் விளங்கவில்லை. ஆங்கிலத்தில் ஒருவர் ஒன்றை விரும்புகிறார். ஸ்பானிஷில் அந்தப் பொருள் அவருக்குப் பிடிக்கிறது. 'மே குஸ்தான் லோஸ் புவென்தேஸ்' என்பதை ஆங்கிலம் வழியாகப் போய்ப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த நண்பர்களுக்கு நடுவே, 'எனக்குப் பாலங்கள் பிடிக்கும்' என்று அது எனக்கு நேராக வந்தது. தலை வலிப்பதும், ஒன்று குறைவதும், ஒன்று தேவைப்படுவதும் அப்படியே. ஸ்பானிஷில் மனிதர் செயப்படுபொருளாக வந்தால் முன்னால் 'ஆ' என்ற சொல் வேண்டும், பொருளாக இருந்தால் வேண்டாம். நாமும் 'வீடு பார்த்தேன்' என்கிறோம், 'அப்பா பார்த்தேன்' என்பதில்லை. வினையின் விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் 'நான்' என்று சொல்லத் தேவையில்லை என்பதும், நீ, நீங்கள் என்ற வேறுபாடும் யாரும் சொல்லித்தர வேண்டாதவை. ஞகரம் அவர்களிடம் தனி எழுத்தாகவே உண்டு. உயிர்களுக்கு நடுவே தகரம் மெலிவதும் நம்மைப் போலத்தான். 'பெரோ' என்றால் 'ஆனால்', வல்லின ஓசையோடு 'பெறோ' என்றால் 'நாய்'. ரகர றகர வேறுபாட்டுக்காகச் சின்ன வயதில் திட்டு வாங்கியது வீண் போகவில்லை. தமிழ் தெரிந்தவர் ஸ்பானிஷ் படித்தால், ஆங்கிலத்தை நடுவில் தரகராக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெயர்ச்சொற்களின் பால் மட்டும் எந்தத் தயவும் காட்டவில்லை. தண்ணீர் பெண்பால், ஆனால் ஒருமையில் அதற்கு முன்னால் ஆண்பால் ஆர்ட்டிக்கிள்: 'எல் ஆகுவா'. நீரியல் படித்த எனக்கு அந்த ஒரு சொல்லே செமஸ்டர் முழுக்கத் தொல்லை.

வகுப்புகளை மட்டும் நம்பியும் பயனில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிப் பள்ளி, ஆங்கிலம் பேசுபவருக்கு ஸ்பானிஷ் கைவர 600 வகுப்பு மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்று கணக்கிடுகிறது. மூன்று கிரெடிட் பாடம் ஒன்று பதினைந்து வாரத்தில் 45 மணி நேரம்; பதினொரு பாடமும் சேர்ந்து 495தான். முதலாம் ஆண்டில் தொடங்குபவருக்கு இடைப்பட்ட விடுமுறைகளில் மொழி ஊற நான்கு ஆண்டு கிடைக்கிறது. கான்கிரீட் வலுவை இருபத்தெட்டாம் நாளில்தான் அளப்போம், கூடுதலாக ஆள் வைத்தால் அது பத்து நாளில் வந்துவிடாது. அந்தக் கால அவகாசம் எனக்கு இல்லாததால், எட்டாவது செமஸ்டரை ஸ்பெயினின் வலென்சியாவில் கழிப்பது என்று முடிவெடுத்தேன். (ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் 1987 முதல் நடத்திவரும் பன்னாட்டுப் பொறியியல் திட்டம், பொறியியலையும் ஒரு மொழியையும் ஐந்தாண்டுகளாகவே வகுத்து, வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிப்பையும் ஆறு மாதப் பணிப் பயிற்சியையும் உள்ளே வைத்திருக்கிறது. பள்ளியில் இருக்கும்போதே தெரிந்திருந்தால் விண்ணப்பித்திருப்பேன்.)

கிளம்பும் முன் செய்ய வேண்டியதை மட்டும் சரியாகச் செய்திருந்தேன்: எடுக்கப்போகும் ஒவ்வொரு பாடமும் இங்கே எதற்குச் சமம் என்று துறைகளிடம் கையெழுத்து. ஐரோப்பிய கிரெடிட் இரண்டு, இங்கே ஒன்றாக மாறும் என்பதால் ஆறு கிரெடிட் பாடம் மூன்றாகச் சுருங்கும். மேஜரின் பாடங்களில் குறிப்பிட்ட பங்கைச் சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே முடிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கும். இவ்வளவு செய்தும், நீரியல் வகுப்பின் முதல் நாள் ஒரு வாக்கியமும் புரியவில்லை. என் ஸ்பானிஷ் இவ்வளவு மோசமா என்று வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார், இது வலென்சிய மொழியில் நடக்கும் பிரிவு, ஸ்பானிஷ் பிரிவு அடுத்த கட்டடத்தில் என்று. பதிவு செய்யும்போது பயிற்றுமொழி என்ற கட்டத்தை நான் பார்க்கவே இல்லை. மாதத் தேர்வில் இன்னொரு அடி: அங்கே தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. '1,200' என்பதை ஆயிரத்து இருநூறு என்று எடுத்துக்கொண்டு, ஆயிரம் மடங்கு பெரிய குழாயை வடிவமைத்தேன். பத்துக்கு ஐந்து எடுத்தால் தேர்ச்சி. எனக்கு நான்கு வந்தது. இறுதித் தேர்வில் தேறினேன்.

வலென்சியாவில் வியாழக்கிழமைதோறும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடும். பாசனக் கால்வாய்களின் பிரதிநிதிகளான விவசாயிகள் கறுப்பு மேலாடை அணிந்து வட்டமாக உட்கார்ந்து, தண்ணீர்த் தகராறுகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். 2009இல் யுனெஸ்கோ இதை மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நான் போன நாட்களில் வழக்கே வரவில்லை. ஒவ்வொரு கால்வாயின் பெயரையும் சத்தமாக அழைத்து, குற்றச்சாட்டு உண்டா என்று கேட்டு, சில நிமிடங்களில் எழுந்து போய்விட்டார்கள். ஆனால் அந்தப் பெயர் அழைப்பில்தான் என் இரண்டு படிப்பும் முதல் முறையாக ஒன்றையொன்று சந்தித்தன. கால்வாய்க்கு ஸ்பானிஷில் அசேக்கியா, தடுப்பணைக்கு அசூத், நிலத்தடித் தொட்டிக்கு அல்ஹிபே, நீர்ச்சக்கரத்துக்கு நோரியா, மதகுவழி வடிகாலுக்கு அல்கன்தரீயா: எல்லாம் அரபு மொழியிலிருந்து வந்தவை. காலையில் நீரியல் வகுப்பில் ஓட்ட அளவைக் கணக்கிட்ட அதே பொருளுக்கு, மாலையில் மொழி வரலாற்று வகுப்பில் வேர்ச்சொல் தேடினேன். மதகு, மடை, கலிங்கு என்று நம்மிடம் இருக்கும் சொற்களை அந்தக் கட்டுரையின் அடிக்குறிப்பு ஒன்றில் எழுதினேன்; பேராசிரியர் அதன் அருகில் ஒரு வியப்புக்குறி போட்டிருந்தார்.

அதன் பிறகு திட்டமிட்டே தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். தாமதமாகத் தொடங்கியவருக்கு இரண்டு துறைக்கும் தனித்தனி ஆர்வம் வளர்த்துக்கொள்ள நேரமில்லை. ஒரே பொருளை இரண்டு பக்கமிருந்தும் தோண்டினால் நூலக நேரமாவது பாதியாகும். ஒரே கட்டுரையை இரண்டு வகுப்பில் கொடுப்பது மட்டும் கூடாது, பெரும்பாலான இடங்களில் அது ஒழுங்கு மீறலாகக் கருதப்படும். பொறியியல் இறுதித் திட்டத்தில் எங்கள் குழு ஒரு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கத்தை வடிவமைத்தது. ஸ்பானிஷ் ஆய்வேட்டை, லியோன் மாகாணத்தில் 1968இல் கட்டி முடிக்கப்பட்ட போர்மா அணையைப் பற்றி எழுதினேன். அதன் கட்டுமானத்தை முன்னின்று நடத்திய பொறியாளர் ஹுவான் பெனெட், ஸ்பானிஷ் மொழியின் முக்கிய நாவலாசிரியர்களுள் ஒருவர்; அந்த நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்த நீரில் மூழ்கிய வேகாமியான் என்ற ஊரில் பிறந்த ஒரு குழந்தையும் வளர்ந்து எழுத்தாளரானது. கட்டியவரும் எழுதினார், இழந்தவரும் எழுதினார். பொறியியல் திட்ட அறிக்கையில் 'இடம்பெயர்வு' என்ற தலைப்பின் கீழ் நாங்கள் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தோம். ஆய்வேட்டை எழுதிய பிறகு குழுவினரோடு சண்டை போட்டு அதை ஆறு பக்கமாக்கினேன். பொறியாளருக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்ட உறவினர் ஒருவரிடம், 1904ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹோசே எச்செகராய், மத்ரித்தில் சிவில் பொறியியல் கற்றுக் கற்பித்தவர் என்று சொன்னேன். "அவருக்கு வேலை கிடைச்சதா?" என்றார்.

எனக்குக் கிடைத்தது. நேர்காணலில் யாரும் இலக்கியத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பள்ளத்தின் பாதுகாப்பு விதியை ஸ்பானிஷில் விளக்கச் சொன்னார்கள். அதற்கு மேஜர் தேவையா என்றால், தேவையில்லை. ஆறு பாடங்கள் கொண்ட மைனர் என்ற துணைப் பாடமும், ஒரு கோடைக் காலம் தொழிலாளர்களோடு நின்று பேசிய பழக்கமும் போதும். பணியிடத்துக்காக மட்டும் ஸ்பானிஷ் வேண்டுபவர்கள் கூடுதல் ஆண்டைச் செலவிட வேண்டாம் என்றே சொல்வேன். வலென்சியாவில் கற்ற சொற்கள்கூட இங்கே பாதிதான் செல்லுபடியாகும். அங்கே கான்கிரீட்டுக்கு ஒர்மிகோன், மெக்சிகோக்காரர்களிடம் கொன்கிரேத்தோ. அங்கே தகைவுக்குத் தென்சியோன், இங்கே எஸ்ஃபுவெர்சோ. அதற்காக மூன்று பத்திகள் பிரித்து ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறேன்: ஸ்பெயின், மெக்சிகோ, தமிழ்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகைகளைச் சரிபார்க்கச் சொல்லி, 'என்கொஃப்ராதோ' என்ற சொல்லை மிகத் திருத்தமாக உச்சரித்தேன். மேஸ்திரி, எல்லோரும் மரியாதையாக 'தொன்' என்று அழைக்கும் பெரியவர். தொப்பியை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "அது ஸ்பெயின்காரங்க பேச்சு. இங்கே சிம்ப்ரா," என்றார். எழுதிக்கொண்டேன். நோட்டின் மூன்றாவது பத்தி காலியாக இருப்பதைக் கவனித்து, "உங்க மொழியில என்ன சொல்வீங்க?" என்று கேட்டார். சென்ட்ரிங் என்றேன். அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, இது ஆங்கிலம் மாதிரி இருக்கிறதே என்றார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். வளைவு கட்டும்போது அதைத் தாங்கும் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அது. சிம்ப்ரா என்ற ஸ்பானிஷ் சொல்லும் முதலில் அதே வளைவுச் சட்டத்தைத்தான் குறித்தது. இதையெல்லாம் அவருக்கு விளக்கத் தொடங்கினேன். கான்கிரீட் லாரி வந்துவிட்டது.